எட்டும் ஒத்தோவும் சொந்தமா?

பலெர்மோவில் எங்கள் பிள்ளைகள் வார நாட்களில் இத்தாலியப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், வார இறுதியில் தமிழ் வகுப்புக்கு வருகிறார்கள். அந்த வகுப்பில் சின்னவர்களுக்கு எண்ணும் எழுத்தும் சொல்லிக் கொடுப்பவள் நான். மற்ற நாட்களில் ஒரு வயோதிப அம்மாவைப் பராமரிக்கிறேன்.

ஒருநாள் ஏழு வயதுக்காரி ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "ரீச்சர், எட்டும் ஒத்தோவும் சொந்தமோ? ரெண்டும் ஒரே மாதிரிக் கேக்குதே!"

இத்தாலிய மொழியில் எட்டுக்கு ஒத்தோ என்று பெயர். "ஓம் பிள்ளை, எல்லாம் எங்கடை தமிழிலை இருந்து போனதுதான்" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு வெண்கட்டியை எடுத்தேன்.

ஒத்தோவுக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் எட்டு அல்ல, கலண்டரில் அட்டமி என்று வருகிறாரே, அந்த சமஸ்கிருத 'அஷ்ட'. பலகையில் சோடி சோடியாக எழுதினேன். ஏழு: செத்தே, சப்த. எட்டு: ஒத்தோ, அஷ்ட. ஒன்பது: நோவே, நவ. பல்: தென்தே, தந்த. பாம்பு: செர்ப்பே, சர்ப்ப. இத்தாலியச் சொல்லின் முதல் உயிரைப் பாருங்கள்: எகரம் அல்லது ஒகரம். சமஸ்கிருதப் பக்கம் ஒவ்வொன்றிலும் அகரம். இரண்டுக்கும் பொதுவான மூலமொழியில் இருந்த எகரமும் ஒகரமும் சமஸ்கிருதம் பிறந்த கிளையில் அகரத்தோடு கலந்துபோயின. இத்தாலியத்தின் தாயான லத்தீன் அவற்றை வைத்துக்கொண்டது. சொற்கள் ஒன்றுபோல ஒலிப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது. ஒரே விதத்தில், தவறாமல் வேறுபடுவதுதான் சாட்சி.

இந்த ஒற்றுமையை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் இத்தாலியர்தான். புளோரன்ஸ் வணிகர் பிலிப்போ சஸ்ஸெத்தி 1583இல் கொச்சிக்கு வந்தார். சில எண்களும், கடவுளையும் பாம்பையும் குறிக்கும் சொற்களும் இத்தாலியத்திலும் சமஸ்கிருதத்திலும் ஒத்திருப்பதைக் கண்டு ஊருக்குக் கடிதம் எழுதினார். 1588இல் கோவாவில் இறந்தார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, 1786இல், கல்கத்தாவில் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கவேண்டும் என்றார். அந்தக் குடும்பத்தைத்தான் இன்று இந்தோ-ஐரோப்பியம் என்கிறோம்.

அப்படியென்றால் எங்கள் எட்டு? அதன் சகோதரங்களிடம் கேட்போம். எண்பது, எண்ணூறு என்னும்போது உள்ளே ஒளிந்திருந்த 'ண்' வெளியே வருகிறது. கன்னடத்தில் அது எண்டு, தெலுங்கில் எனிமிதி. ஆக, மூக்கொலிதான் எட்டின் பரம்பரை அடையாளம். ஒத்தோவுக்கோ லத்தீனிலும் கிரேக்கத்திலும் 'ஒக்தோ' என்றே வடிவம். அங்கே இருப்பது 'க்'. இரண்டும் வேறு வேறு தெருக்களிலிருந்து வந்து ஒரே சந்தியில் முட்டிக்கொண்டவை. முகச்சாயல் தற்செயல்.

இதில் மனம் நோக ஒன்றுமில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல என்று 1816இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் காட்டியதும், 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியதும் இப்படிச் சொற்களை உறவோடு உறவு வைத்துப் பார்த்துத்தான். எட்டை ஒத்தோவிடமிருந்து பிரிக்கிற அதே கத்திதான் தமிழுக்குத் தனிக் குடும்பம் உண்டு என்றும் நிறுவியது.

இரத்த உறவும் இல்லாமல், தற்செயலும் இல்லாமல், பயணம் செய்து வந்த சொற்களும் உண்டு. இங்கே பல்லாரோ சந்தையில் இஞ்சிக் குவியலின்மேல் 'ஜென்ஜெரோ' என்று அட்டை குத்தியிருப்பார்கள். எங்கள் இஞ்சிவேர் பாளியில் சிங்கிவேர ஆகி, கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ் ஆகி, லத்தீனில் சிங்கிபெர் ஆகி, இத்தாலிய அட்டையில் ஏறிய கதை அது. சரக்கோடு பெயரும் கப்பலேறியிருக்கிறது.

காது மட்டுமல்ல, கண்ணும் ஏமாற்றும். பலெர்மோவின் ஸீஸா மாளிகையில் 1149ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கிறிசாந்தோ என்ற குருவானவர் தன் தாய் அன்னாவுக்காக வைத்தது. கண்ணுக்கு நான்கு எழுத்துகள் தெரியும்: லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேயம். எபிரேய எழுத்தில் எழுதியிருப்பதும் அரபு மொழியே என்பதால் மொழிகள் மூன்று. தாயை மாத்தெர் என்னும் லத்தீனும் மேத்தேர் என்னும் கிரேக்கமும் எங்கள் நாவில் புழங்கும் சமஸ்கிருத 'மாதா'வோடு ஒரு குடும்பம். 'உம்ம்' என்னும் அரபு வேறு குடும்பம். எழுத்து நான்கு, மொழி மூன்று, குடும்பம் இரண்டு. மேலோட்டமாகப் பார்த்துக் கணக்குப் போட்டால் பிழைத்துவிடும்.

"உலகத்துச் சொல்லெல்லாம் தமிழே" என்று ஒரு பட்டியல் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். அடுத்தவருக்கு அனுப்ப முன்னர் அதில் ஒரு சொல்லை எடுத்து, அதன் சகோதரங்களை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.