கேஸ் லைட்டரில் இருக்கும் ரகசியம்... சுனாமியைக் காட்டிக்கொடுக்கும் அதிசயம்!

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.28 மணிக்கு சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. கடலூர் தேவனாம்பட்டினத்திலும், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டை, கிள்ளை, எம்.ஜி.ஆர். திட்டு பகுதிகளிலும் அன்று வழக்கம்போல்தான் பொழுது விடிந்தது.

சுனாமி அலை இந்தக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேடான இடத்துக்கு நடந்தே போயிருக்கலாம். ஆனால், அலை வருகிறது என்று சொல்ல ஆள் இல்லை, கருவியும் இல்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின.

அப்படி வீணாய்ப்போன அந்த இரண்டு மணி நேரத்தை மீட்டுத்தரும் கருவிகள் இப்போது வங்கக் கடலின் அடியில் இருக்கின்றன. அவற்றின் அடிப்படை, நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

‘டக்’கென்று அமுக்கினால் மின்சாரம்

கேஸ் லைட்டருக்குள் பேட்டரி கிடையாது. ஆனாலும் அமுக்கியதும் தீப்பொறி பறக்கிறது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங், ஒரு சிறு சுத்தியலை செராமிக் துண்டின் மீது ஓங்கி அடிக்கிறது. அந்த அடியில் செராமிக்கிற்குள் இருக்கும் நேர், எதிர் மின்னேற்றங்கள் இடம் மாறி, சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உருவாகிறது. அதுதான் பொறி.

இப்படி அழுத்தினால் மின்சாரம் தரும் தன்மைக்கு ‘பீசோ எலெக்ட்ரிக்’ என்று பெயர். ‘அழுத்துதல்’ என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இது. 1880-ல் இதைக் கண்டறிந்தவர்கள் பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள். இந்த பியர், பின்னாளில் மேரி கியூரியின் கணவரானவர்.

அடுத்த ஆண்டே இன்னொன்றையும் அவர்கள் நிரூபித்தார்கள். இதே படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது மிக நுண்ணிய அளவில் சுருங்கி விரியும். அதாவது, அதிரும். கைக்கடிகாரத்தில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரம் காட்டுவது இதனால்தான். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றின் மீது வைக்கும் கருவியும் இப்படித்தான் ஒலியை அனுப்பி, எதிரொலியை வாங்கிப் படமாக்குகிறது. மீன்பிடிப் படகுகளில் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் ‘எக்கோ சவுண்டர்’ இதன் உடன்பிறப்பு.

கடலடியில் ஒரு காவலாளி

2004-ல் வந்த சுனாமி, நடுக்கடலில் சுமார் 60 சென்டிமீட்டர் உயரம்தான் இருந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்திருந்ததால், மேலே படகில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஆனால், 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அதன் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர். கரையை நெருங்க நெருங்க வேகம் குறையும், உயரம் கூடும்.

கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றத்தை அழுத்தம் காட்டிக்கொடுத்துவிடும். மேலே தண்ணீர் கூடினால், அடியில் பாரம் கூடும். காற்றால் எழும் சாதாரண அலையின் தாக்கம் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. சுனாமியின் தாக்கமோ கடலடி வரை இருக்கும்.

இந்தப் பாரத்தை அளக்க ஆழ்கடல் அழுத்தமானியில் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. லைட்டரில் வருவதுபோல ஒரே அடியில் வரும் மின்சாரம் சீக்கிரமே கசிந்துபோகும். மெதுவாக மாறும் அழுத்தத்தை அளக்க அது போதாது. எனவே படிகத்தை மின்சாரத்தால் இடைவிடாமல் அதிரவைக்கிறார்கள். வீணைத் தந்தியை முறுக்கினால் சுருதி மாறுகிறதல்லவா? அதுபோல அழுத்தம் மாறினால் படிகத்தின் அதிர்வெண் மாறும். இதை வைத்து, பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இருந்துகொண்டே, மேலே கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் கண்டுபிடித்துவிடலாம்.

கடல்நீருக்குள் ரேடியோ அலை வெகுதூரம் போகாது. அதனால் கருவி தன் தகவலை ஒலியாக மேலே அனுப்புகிறது. அந்த ஒலியை எழுப்புவதும் பீசோ செராமிக்தான். மேலே மிதக்கும் மிதவை அதை வாங்கி செயற்கைக்கோளுக்கு அனுப்ப, செய்தி கரைக்கு வந்துவிடும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இந்த மிதவைகளைக் கடலில் நிறுவிப் பராமரிக்கிறது. 2007 அக்டோபர் முதல் செயல்படும் சுனாமி எச்சரிக்கை மையம், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் இருக்கிறது.

2012-ல் வந்த பரீட்சை

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் மீண்டும் பெரிய நிலநடுக்கம். சென்னையிலும் கட்டடங்கள் அதிர்ந்தன. கடலோர மக்கள் பதறிப்போனார்கள். சில நிமிடங்களில் எச்சரிக்கை வந்தது.

நிலநடுக்கமானிகள் பூமி அதிர்ந்ததைத்தான் சொல்லும். அலை கிளம்பியதா என்பதைக் கடல்தான் சொல்ல வேண்டும். அன்று நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால், கடல் நீர் பெரிதாக மேலே தூக்கப்படவில்லை. கடலில் பதிவானவை சிறிய அலைகளே. அதைப் பார்த்த பிறகு எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஓடச் சொல்வதற்கு மட்டுமல்ல, ‘பயம் வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்வதற்கும் இந்தப் படிகம் உதவும்.

மிதவையைத் தொடாதீங்க!

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் உண்டு. மிதவையின் நிழலில் மீன்கள் கூடும். அதனால் அதில் படகைக் கட்டி வலை போடுபவர்கள் உண்டு. பேட்டரி, சோலார் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போவதும் நடக்கிறது. மிதவை பழுதானால், கடலடியில் படிகம் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அந்தச் செய்தி கரைக்கு வந்து சேராது. இதனால்தான் மிதவைகளைக் காக்கும்படி மீனவக் கிராமங்களில் விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தப்படுகின்றன.

ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கடலூர் கரையில் பூத்தூவி, பால் ஊற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள். அதே கடலில் தூரத்தில் மிதக்கும் ஒரு மிதவையைத் தொடாமல் விலகிப்போவதும் இறந்தவர்களுக்குச் செலுத்தும் அஞ்சலிதான். அடுத்த முறை அந்த இரண்டு மணி நேரம் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டுமல்லவா?