பெயருக்குக் காத்திருந்த வண்டு

புதிய ஜந்து ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்றால், காடு மேடெல்லாம் அலைந்த வீரரையே நாம் நினைத்துக் கொள்கிறோம். இவ்வண்டு அகப்பட்டதோ லண்டன் பொருட்காட்சிச் சாலையின் சேகரிப்பிலே! 1832-ல் அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்காவில் இதைப் பிடித்தவர் சாக்ஷாத் சார்லஸ் டார்வின். பிறகு பெயரின்றிக் கிடந்து, இருக்குமிடமே தெரியாமற் போயிற்று.

மேற்சிறகு குட்டையாகி வயிறு வெளியே தெரியும் வண்டினத்தைச் சேர்ந்தது இது. தலையும் மார்பும் நீலப் பச்சையாய் மின்னும்; உணர்கொம்புகளில் ரம்பம் போன்ற பற்கள்.

2014-ல், டார்வினின் ஜன்ம தினமாகிய பிப்ரவரி 12-ந் தேதி, ஸ்டைலியானோஸ் சாட்ஸிமனோலிஸ் என்னும் பண்டிதர் இதற்கு 'டார்வினிலஸ் செடாரிஸி' என்று நாமகரணம் செய்தார். பின்பாதி, டேவிட் செடாரிஸ் என்ற ஹாஸ்ய எழுத்தாளருக்காம்!

அவர் கண்டவை செத்த உடல்கள் இரண்டே. மற்றொன்று 1935-க்கு முன் ரியோ குவார்ட்டோவில் பிடிபட்டது. அப்பிரதேசங்கள் பெரும்பாலும் விளைநிலங்களாகிவிட்டன. அப்பெயருக்குரிய வண்டு ஒன்றேனும் அங்கே உயிரோடு மிஞ்சியிருக்கிறதா என்பதே நமது கவலை.