கோளாறு ஆண்டெனாவில் இல்லை

"நீ பற்றவைத்த ஆண்டெனாவில்தான் கோளாறு." பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டில், என் திட்டப்பணித் தோழியிடம் இப்படித்தான் சொன்னேன். பாவம், அன்று மாலை முழுவதும் அவள் அதைக் கழற்றி மீண்டும் பற்றவைத்தாள். உண்மையில் அதில் எந்தக் கோளாறும் இல்லை.

வெப்பநிலையை அளந்து 2 விநாடிக்கு ஒருமுறை கம்பியில்லாமல் அனுப்பும் சிறு சாதனத்தை நாங்கள் உருவாக்கியிருந்தோம். அதன் அதிர்வெண் 433.92 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு முறையும் சமிக்ஞை சுமார் 40 மில்லிவிநாடிதான் நீடிக்கும். அதைச் சோதிக்க ஆய்வுக்கூடத்தின் சிக்னல் அனலைசரைப் பயன்படுத்தினேன். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை உள்ளது என்பதைக் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. திரையிலோ இரைச்சல் கோடு மட்டுமே தெரிந்தது. நடுவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சிறு மேடு. படைப்பு நாளுக்கு இன்னும் நான்கே நாள்கள் இருந்தன.

மறுநாள் ஆய்வுக்கூட அதிகாரி வந்து பார்த்தார். "தம்பி, டிரேஸ் சராசரியில இருக்கே, கவனிக்கலையா?" என்று கேட்டபடி 'மேக்ஸ் ஹோல்ட்' பொத்தானை அழுத்தினார். இரண்டே விநாடிகளில் திரையின் நடுவே கூரான சிகரம் எழுந்து நின்றது!

எனக்கு முன் கருவியைப் பயன்படுத்தியவர் 100 வருடல்களின் சராசரியைக் காட்டும்படி அமைத்துவிட்டுச் சென்றிருந்தார். ஒரு வருடலுக்கு 40 மில்லிவிநாடி. எனவே, 50 வருடல்களில் ஒன்றில்தான் எங்கள் சமிக்ஞை சிக்கும். அது இரைச்சலைவிட 60 டெசிபல் உயர்ந்து நின்றாலும், டெசிபல் அளவில் சராசரி எடுத்தால் எஞ்சுவது 1.2 டெசிபல்தான். நான் பார்த்த சிறு மேடு அதுவே.

அதிகாரி இன்னொன்றையும் விளக்கினார். திரையில் 1,001 புள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளியின் பின்னாலும் பல அளவீடுகள் இருக்கும். அவற்றில் எதைக் காட்டுவது என்பதை முடிவு செய்வது டிடெக்டர். 40 மாணவர்கள் உள்ள வகுப்பை ஒரே மதிப்பெண்ணால் குறிப்பிடுவது போன்றது இது. முதல் மாணவரின் மதிப்பெண்ணைச் சொன்னால் 'பீக்'. கடைசி மாணவருடையதைச் சொன்னால் 'நெகட்டிவ் பீக்'. யாரோ ஒருவருடையதை எடுத்தால் 'சாம்பிள்'. வகுப்பின் சராசரியைச் சொன்னால் 'ஆவரேஜ்'.

டிடெக்டர் ஒரே வருடலுக்குள் வேலை செய்கிறது. டிரேஸ் அமைப்போ ஒரு வருடலை அடுத்த வருடலோடு சேர்க்கிறது. 'கிளியர் ரைட்' ஒவ்வொரு முறையும் பழையதை அழித்துப் புதிதாக வரையும். 'மேக்ஸ் ஹோல்ட்' பள்ளி விளையாட்டுப் போட்டியின் சாதனைப் பலகை போன்றது. அதைவிட உயர்ந்தது வரும்வரை பழைய உச்சத்தை அழிக்காது.

அப்படியென்றால் எப்போதும் 'மேக்ஸ் ஹோல்ட்' போதுமே என்று நினைத்தேன். அதே அமைப்பில் இரைச்சலையும் அளந்தேன். நேரம் ஆக ஆக இரைச்சல் கோடு மேலேறியது. ஏறியது இரைச்சல் அல்ல. ஒவ்வொரு புள்ளியிலும் அதுவரை கண்ட உச்சங்களைத்தான் கருவி சேர்த்துவைத்தது. இரைச்சலின் சக்தியை அளக்க 'ஆவரேஜ்' டிடெக்டரே ஏற்றது. எப்போதாவது வந்து மறையும் சமிக்ஞையைப் பிடிக்க 'பீக்' டிடெக்டரும் 'மேக்ஸ் ஹோல்ட்'டும் பொருத்தம்.

மாணவர்களே, பொதுக் கருவியைத் தொடும்போது முதலில் 'பிரீசெட்' பொத்தானை அழுத்துங்கள். பிறகு, எதைத் தேடுகிறீர்கள் என்பதற்கேற்ப டிடெக்டரையும் டிரேஸையும் தேர்ந்தெடுங்கள். அறிக்கையில் படத்தின் கீழே அந்த இரண்டையும் எழுதுங்கள். அவை இல்லாத படத்தை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய இயலாது.

தோழியிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, அறிக்கையின் முதல் படத்தின் கீழே தன் கையாலேயே எழுதினாள்: "டிடெக்டர்: பீக். டிரேஸ்: மேக்ஸ் ஹோல்ட். ஆண்டெனா: நலம்."