பென்ஸ் காரும் மலைப்பாதையும்

ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் மேர்சிடிஸ் பென்ஸ் கார்கள் வந்து நிற்கும். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி முடங்கிக் கிடந்ததால் பலவும் பழையவை. றம்பொடை இறக்கத்தில் எந்தக் காரானாலும் குறைந்த கியரில்தான் இறக்க வேண்டும். பிரேக்கையே நம்பினால் சூடேறிக் கைவிட்டுவிடும்.

மேர்சிடிஸ் பிறந்த கதையும் மலைப்பாதையில்தான் தொடங்குகிறது. 1900 இல் பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்த மலையேற்றப் பந்தயத்தில் டைம்லர் கார் மோதி அதன் ஓட்டுநர் இறந்தார். அதன்பின் தாழ்வான, நீளமான கார் ஒன்று உருவானது. அதைச் செய்வித்த வியாபாரி எமில் ஜெலினெக் தன் மகளின் பெயரை அதற்குச் சூட்டினார். 1926 இல் பென்ஸ் நிறுவனமும் டைம்லருடன் இணைந்தது.

பந்தயக் கதையை எல்லோரும் சொல்வார்கள். 1944 இல் அந்நிறுவனத்தில் வேலை செய்த 63,610 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் கட்டாயத் தொழிலாளர்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு 2 கோடி மார்க் வழங்கியது 1988 இல். அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள்.

மலையகத் தமிழரின் குடியுரிமை 1948 இல் பறிபோனது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003 இல்தான் அது திரும்பியது. இடைப்பட்ட 55 ஆண்டுகளுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.