சிறு கழகங்களும் பிரதேசச் சங்கமும்

ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானோராயினும், சில்லுக்கு உரிய வேளையிற் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புவோர் ஒரு சிலரே. அச்சிலர் தம் தொழிலில் வல்லவராயிருத்தலாலன்றோ தேர் வீதிவலம் வந்து இருப்பிடஞ் சேர்கின்றது! பல ஊர்களை அடக்கிய பிரதேசச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். உறுப்பினர் தொகை மட்டும் பெரிதாயிருந்தாற் போதாது. ஒவ்வொரு துறையிலும் பயின்ற சிறு குழுவினரும் அங்கே வேண்டும். அத்தகைய இளைஞர் கழகங்களைப் பெருஞ் சங்கமொன்றனுட் கொணர்வது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய எண்ணுகின்றோம்.

முதற்கண் சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்வோம். அயலயலே அமைந்த பல ஊர்களின் பொதுநலத்தைப் பேணுவதற்கென அமைந்ததைப் பிரதேசச் சங்கம் என்கின்றோம். ஒரு துறையையே கருதி இளைஞர் கூடுமிடம் தனித்துறைக் கழகம். உதைபந்தாட்டக் கழகம், வலைப்பந்தாட்டக் கழகம், வாசிகசாலை, நாடக மன்றம், சாரணர் குழு, முதலுதவிப் படை, விஞ்ஞானக் கழகம், இளம் விவசாயிகள் கழகம் ஆகியவை இவ்வகையின.

இவ்விரு திறத்தாரும் ஒருவரையொருவர் வேண்டிநிற்பவரே. சிறு கழகம் இரண்டொரு தலைவரை நம்பி வாழ்கின்றது. அவர்கள் பல்கலைக்கழகஞ் சென்றாலோ, தொழில் நாடிக் கொழும்புக்கோ கடல் கடந்தோ போனாலோ கழகக் கட்டடம் பூட்டப்படுகின்றது. பதிவேடுகள் கறையானுக்கு இரையாகின்றன. 1983 முதல் 2009 வரை நீடித்த போரினாலும் இடப்பெயர்வினாலும் கலைந்துபோன கழகங்களும் பலவாம். பெருஞ் சங்கத்துக்கோ மூப்பே நோய். ஆண்டுதோறும் அதே முதியவர்கள் அதே கதிரைகளில் அமர்ந்து, சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசித்து ஏற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.

"இளைஞரை அழைத்தோம், அவர்கள் வந்திலர்" என்பது சங்கத்தாரின் முறையீடு. அழைத்த முறையை நோக்கின் காரணம் புலப்படும். பந்தரிடவும், கதிரை அடுக்கவும், விருந்தினர்க்குச் சோடா கொடுக்கவும் இளைஞர் அழைக்கப்பெறுகின்றனர். தீர்மானம் நிறைவேற்றும் வேளையில் மண்டபத்தின் பின்புறத்தே நிற்கின்றனர். கூட்டம் மாலை 4 மணிக்கு வைக்கப்படுகின்றது. அதுவே பந்தாடும் நேரம். இவற்றினும் வலியதொரு தடை அச்சமாகும். பல்லாண்டு பாடுபட்டு வளர்த்த கழகத்தின் பெயரும், சேமிப்பும், வெற்றிக் கிண்ணங்களும் பெருஞ் சங்கத்துட் கரைந்துபோமோ என அவர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் காரணமற்றதன்று.

இவ்விடயத்தில் நமக்குப் பாடம் புகட்டும் வரலாறு நம் மண்ணிலேயே உண்டு. 1924ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே மாணவர் காங்கிரஸ் தோற்றம் பெற்றது. பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய ஹன்டி பேரின்பநாயகம் அதன் முன்னோடிகளுள் ஒருவர். அக்காலத்தே நம் கல்லூரிகள் சைவம், கிறித்தவம் எனச் சமயச் சார்பினாற் பிரிந்து நின்றன. அவ்வேலிகளைக் கடந்து ஆசிரியரையும் மாணவரையும் ஒரே மேடையில் இருத்திய பெருமை மாணவர் காங்கிரசுக்கு உரியது. தாய்மொழியின் உயர்வு, தீண்டாமை ஒழிப்பு, நாட்டின் விடுதலை என்பன அதன் குறிக்கோள்கள். 1927ஆம் ஆண்டு நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளியமை அக்காங்கிரசின் அழைப்பினாலேயாம். பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அவ்வியக்கம், பாடசாலைகளிற் சம ஆசனமும் பந்தியிற் சம போசனமும் வேண்டி நின்றது. அக்கோரிக்கையை எதிர்த்தோர் பலராயிருந்த காலம் அது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்வெழுச்சிக்குக் காரணம் யாது? பெரியார் தமக்கு ஏவல் செய்வதற்காக இளைஞரை அங்கே கூட்டினாரல்லர். இளைஞரே கூடிக் குறிக்கோளை வகுத்தனர். மூத்தோரை அவர்களே அழைத்தனர். செய்வோர் கையிற் சிந்திக்கும் உரிமையும் இருந்தமையால், அழைப்பின்றியே ஆட்கள் வந்து சேர்ந்தனர்.

அதே இயக்கம் மற்றொரு பாடத்தையும் நமக்கு விட்டுச் சென்றது. டொனமூர் அரசியற்றிட்டம் முழுச் சுயாட்சியை வழங்கவில்லை என்று கருதிய வாலிபர் காங்கிரஸ், 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு வேண்டியது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய 4 தொகுதிகளில் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்திலர். நாட்டின் பிற பகுதிகள் அவ்வழியைப் பின்பற்றவில்லை. 1934இல் இடைத்தேர்தல் நடைபெறும்வரை அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. பகிஷ்காரம் சரியா, பிழையா என்பது வேறு வழக்கு. அமைப்பு முறையை ஆராயும் நமக்குப் புலனாவது இது: ஒரு பெருந் தீர்மானத்தோடு முழு இயக்கமும் பிணைக்கப்படும்போது, அத்தீர்மானம் தளர்ந்தால் இயக்கமும் உடன் தளர்கின்றது. ஊர்தோறும் தத்தம் அன்றாடப் பணியினால் உயிர்வாழும் கிளைகள் இருப்பின், உச்சியில் அடிக்கும் காற்றுக்கு வேர் அசையாது.

கிளையின் தனித்தன்மையையும் மரத்தின் ஒருமையையும் ஒருங்கே காக்கும் முறைக்குச் சாரணீயம் நல்லதோர் எடுத்துக்காட்டு. இலங்கையிற் சாரணீயம் 1912ஆம் ஆண்டில் மாத்தளையிலே தொடங்கியது. அதன் அடிப்படை ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியாகும். ஒவ்வோர் அணிக்கும் தனிப்பெயருண்டு, கொடியுண்டு, தலைவனுண்டு. அணித் தலைவர் அனைவருங் கூடிய சபையே குழுவின் நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கின்றது. குழுக்கள் மாவட்டத்தோடும், மாவட்டங்கள் நாட்டோடும் இணைகின்றன. பன்னிரண்டு வயதுச் சிறுவனும் தன் கருத்து எவ்வழியாக மேலே செல்லும் என்பதை அறிவான். நம் சங்கங்களுள் எத்தனையில் இருபத்தைந்து வயது இளைஞன் அவ்வாறு அறிந்திருக்கின்றான்?

அரசினர் முயற்சியையும் ஈண்டுக் குறித்தல் தகும். 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றம், ஊர்தோறும் இளைஞர் கழகங்களை நிறுவி, அவற்றைப் பிரதேச, மாவட்ட, தேசிய சம்மேளனங்களாகப் படிப்படியே இணைக்கின்றது. கீழிருந்து பிரதிநிதிகள் மேலே செல்லும் இவ்வொழுங்கு போற்றத்தக்கது. ஆயின் அது வயதை அடிப்படையாகக் கொண்ட இணைப்பு. நாம் கருதுவது பணியை அடிப்படையாகக் கொண்ட இணைப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகுமேயன்றிப் பகையாகா.

பணியால் இணைதல் என்பதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெருநதிகள் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கித் தேங்கும் மழைநீரே நம் கிணறுகளில் ஊறுகின்றது. அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்கின்றது. செறிவாகத் தோட்டஞ் செய்யும் வலிகாமப் பகுதியிற் பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்துள்ளமை ஆய்வுகளாற் கண்டறியப்பட்டுள்ளது. மிகுதியாக இடப்படும் உரம் அதற்கொரு முதற் காரணம். கரையோரங்களில் அளவின்றி நீர் இறைக்குங்கால் உவர் உட்புகுகின்றது. நிலத்தடி நீர் ஊரெல்லை அறியாது. ஓரூர்த் தோட்டத்தில் இட்ட உரம் அயலூர்க் கிணற்றிற் கலக்கும். ஆதலின் எந்தத் தனி ஊரும் தன்னந்தனியே இதற்குப் பரிகாரம் காணவியலாது. பிரதேசச் சங்கமே இதற்குரிய களம்.

இப்பணியிற் கழகங்களுக்கு உரிய பங்கைப் பாருங்கள். விஞ்ஞானக் கழகத்தார் மாதந்தோறும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளந்து குறிக்கலாம். விளையாட்டுக் கழகத்தார் மாரிக்கு முன்னரே குளங்களையும் வாய்க்கால்களையும் சிரமதானத்தால் தூர்வாரலாம். இளம் விவசாயிகள் தேவைக்கேற்ற உரம் எவ்வளவு என்பதைத் தம் தோட்டத்திலேயே செய்து காட்டலாம். நாடக மன்றத்தார் அச்செய்தியை மேடையேற்றலாம். வாசிகசாலை அளவைப் பதிவுகளைப் பேணி எவரும் பார்வையிட வைக்கலாம். இங்கே எக்கழகமும் தன் தொழிலைக் கைவிடவில்லை. தன் தொழிலாலேயே பொதுப்பணிக்கு வந்துள்ளது. இதனை விடுத்துச் சாரணரை நன்கொடைச் சிட்டை விற்கவும், நாடகக் கலைஞரை ஒலிபெருக்கி கட்டவும் ஏவுவோமாயின், மறுமுறை அவர்கள் வாரார்.

கிணற்றைப் பற்றிப் பேசுங்கால் ஒன்றை மறைத்தல் அறமன்று. நம் ஊர்களிற் சாதியின் பெயரால் மனிதர் கிணற்றடியில் விலக்கி வைக்கப்பட்ட வரலாறு உண்டு. அதன் நிழல் கழகங்களின் மேலும் படிந்துள்ளது. ஒரே ஊரிற் குறிச்சிக்கொரு விளையாட்டுக் கழகமும் வாசிகசாலையும் இருப்பதன் காரணத்தை யாவரும் அறிவர், எவரும் வாய்விட்டுரையார். பிரதேசச் சங்கம் ஒரு சில குறிச்சிகளின் கழகங்களை மட்டும் அழைத்துவிட்டுப் பிரதேசத்தின் பெயரைச் சூடிக்கொள்வது தகுமா? கிணறுகளை அளக்கப் புறப்படும் இளைஞர் எல்லாக் கிணறுகளையும் அளத்தல் வேண்டும். எல்லா முற்றங்களிலும் நின்று, தருகின்ற தேநீரை வாங்கிப் பருகுதல் வேண்டும். சம ஆசனம் என ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் இளைஞர் எழுப்பிய குரலுக்கு இன்று நாம் செய்யவேண்டிய உரை இதுவே.

இனி நடைமுறையை நோக்குவோம். தனியாட்களை அன்றிக் கழகங்களையே உறுப்பினராகச் சேர்த்தல் முதலாவது. கழகமொன்றுக்கு இரண்டு பிரதிநிதிகள் இருத்தல் நன்று. அவர்களுள் ஒருவரேனும் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவராயிருக்க, இருவர்க்கும் வாக்குரிமை வழங்கப்படல் வேண்டும். கழகத்தின் பெயர், நிதி, உடைமை ஆகியவற்றிற் சங்கம் தலையிடாது என்பதை யாப்பிலேயே எழுதிவைத்தல் இரண்டாவது. வாய்மொழி உறுதி தலைவர் மாறியதும் மறைந்துபோம். பொதுப்பணி ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வைத்து, தனாதிகாரி அதனை வாசிகசாலைப் பலகையிற் பகிரங்கப்படுத்துதல் மூன்றாவது. கட்சி அரசியல் போன்ற பிணக்குக்குரிய விடயங்களிற் சங்கத்தின் தீர்மானம் எந்தக் கழகத்தையும் கட்டுப்படுத்தாது என விதித்தல் நான்காவது. 1931இன் பாடம் இது. பெண்பிள்ளைகளின் கழகங்களையும் கருதிக் கூட்டத்தை ஞாயிறு காலையில் வைத்தல் ஐந்தாவது. பொழுது பட்டபின் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லையெனக் குறைகூறுதல் நீதியாகாது.

இத்தனையும் செய்தபின்னரும் முதியோர் ஒரு விலை கொடுக்கவேண்டியிருக்கும். பிரதிநிதிகளாக வரும் இளைஞர் சில வேளைகளில் நம் தீர்மானங்களைத் தோற்கடிப்பர். தோற்கடிக்க இயலாத வாக்கு வாக்கன்று. அதனை அவர்களும் நன்கு அறிவர். காரியதரிசிப் பதவியைப் பல்லாண்டு வகித்தவர் அதனை ஓர் இளைஞனிடம் ஒப்படைத்து, அருகிலிருந்து கடிதம் எழுதப் பழக்குவாராயின், அச்சேவை அவர் முன்னர் ஆற்றிய சேவைகள் அனைத்தினும் சிறந்ததாகும்.

நம் கல்லூரியின் பழைய மாணவர்களிற் பலர் இன்று தத்தம் ஊர்ச் சங்கங்களிற் பொறுப்பு வகிக்கின்றனர். அன்பர்களே, அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன் ஒரு தாளையெடுத்து, உங்கள் பிரதேசத்திலுள்ள கழகங்கள் அனைத்தின் பெயர்களையும் குறிச்சி குறிச்சியாக எழுதிப் பாருங்கள். எக்கழகத்துக்கு இதுவரை ஓர் அழைப்பிதழேனும் அனுப்பப்படவில்லையோ, அதன் வாயிலுக்கு முதலிற் செல்லுங்கள். கடிதம் அனுப்பாது நேரிற் சென்று, அவர்கள் செய்யும் பணி யாது எனக் கேளுங்கள். எஞ்சியவற்றை அவ்விளைஞரே நமக்குக் கற்பிப்பர்.