மூணு கார்டு, ஒரே பந்து

பாஸ்கெட்பால்ல ‘கார்டு’ன்னா பந்தைத் தட்டிக்கிட்டு முன்னேறி ஆட்டத்தை நடத்துற ஆள். ஒரே டீம்ல இப்படி மூணு கெட்டிக்காரங்க இருந்தா? இருக்கறது ஒரே பந்து, சண்டைதான் வரும்னு தோணும். அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்து பேய்லர் பல்கலைக்கழக டீம் கதை வேற.

ஜாரெட் பட்லர், டேவியன் மிட்செல், மேசியோ டீக். மூணு பேருக்குமே டிரிபிள் பண்ண வரும், பாஸ் கொடுக்க வரும், தூரத்துல இருந்து மூணு பாயிண்ட் ஷாட்டும் போட வரும். விஷயமே இதுலதான் இருக்கு.

மிட்செல் தன்னை மறிக்கிறவரைத் தாண்டி கூடையை நோக்கிப் பாயறார்னு வைங்க. சும்மா விட்டா ரெண்டு பாயிண்ட் போச்சு. அதனால பட்லரைப் பார்த்துக்கிட்டிருந்த டிஃபென்டர் ரெண்டு எட்டு உள்ளே வர்றார். அடுத்த நொடி பந்து பட்லர் கையில. டிஃபென்டர் பதறித் திரும்பி ஓடி வர, பட்லர் ஷூட் பண்ற மாதிரி ஏமாத்திட்டு உள்ளே நுழையறார். இப்போ டீக்கை மறிச்சிருந்தவரும் உதவிக்கு வந்தாகணும். மூலையில டீக் தனியா நிக்கிறார். பந்து அங்கே போகுது, ஷாட்!

ஒரே ஒரு நல்ல கார்டுன்னா அவர்மேல ரெண்டு பேரை ஏவி முடக்கிடலாம். இங்கே அப்படிச் செஞ்சா, மறிக்க ஆளில்லாம விட்டவரும் அதே அளவு ஆபத்தானவர்.

இதுல பெரிய விஷயம், பாஸ் கொடுக்கிற மனசு. மிட்செலும் டீக்கும் வேற காலேஜ்ல இருந்து மாறி வந்தவங்க. அன்றைய விதிப்படி ஒரு சீசன் முழுக்க ஆடாம உட்கார்ந்திருந்தாங்க. 2020-ல கோவிட் வந்து தேசியப் போட்டியே ரத்து. பட்லர் என்பிஏ டிராஃப்டுக்குப் பேர் கொடுத்துட்டு, வாபஸ் வாங்கித் திரும்பி வந்தார். தன் ஸ்கோரை மட்டும் ஏத்திக்கணும்னு நினைக்க ஒவ்வொருத்தருக்கும் காரணம் இருந்தது.

2021 ஏப்ரல் 5, இண்டியானாபொலிஸ்ல ஃபைனல். எதிரே அதுவரை ஆடின 31 ஆட்டத்தையும் ஜெயிச்ச கொன்சாகா. முதல் 9 பாயிண்டும் பேய்லருக்கே. கடைசியில 86-70. பட்லர் 22 பாயிண்ட், 7 அசிஸ்ட். டீக் 19 பாயிண்ட். மிட்செல் 15 பாயிண்ட், 5 அசிஸ்ட்.

விட்டுக்கொடுத்ததால யாரும் காணாமப் போகலை. அதே வருஷ டிராஃப்ட்ல மிட்செல் 9-வது, பட்லர் 40-வது தேர்வு.

அடுத்த தடவை மேட்ச் பார்க்கும்போது, உதவிக்கு ஓடுற டிஃபென்டர் யாரை விட்டுட்டு வர்றார்னு கவனிங்க. பந்து பெரும்பாலும் அங்கேதான் போகும்.