புள்ளி இருக்கட்டும், ஆட்டம் சிக்கட்டும்

இரவில் தெருக்கூத்து எடுக்கப் போகிறவர்கள் தவறாமல் கேட்பது, ஐஎஸ்ஓவை எதுவரை ஏற்றலாம் என்றுதான். டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், இருட்டில் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்த படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஏன் வருகின்றன? ஒளி துகள் துகளாக வந்து சென்சாரில் விழுகிறது. தூறல் தொடங்கியதும் முற்றத்தில் கிண்ணங்களை வைத்து உடனே எடுத்தால், ஒன்றில் மூன்று துளி இருக்கும், பக்கத்துக் கிண்ணத்தில் ஏழு. நன்றாகப் பெய்தபின் எடுத்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டம். குறைந்த ஒளியில் பிக்சல்களுக்குள் வருவதும் இந்த ஏற்றத்தாழ்வுதான். ஐஎஸ்ஓவை ஏற்றினால் ஒளி கூடுவதில்லை. கிடைத்ததைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது, புள்ளியும் கூடவே பெரிதாகத் தெரிகிறது.

அதனால் ஐஎஸ்ஓவில் தொடங்காதீர்கள். ஷட்டர் வேகம் முதலில், லென்ஸ் திறப்பு அடுத்து, ஐஎஸ்ஓ கடைசி. வேடக்காரர் நின்று வசனம் பேசும்போது 1/125 நொடி போதும். கிரீடமும் புஜக்கட்டையுமாகச் சுழன்று ஆடும்போது 1/500 ஆவது வேண்டும். எஃப் 2.8 திறப்பில் வசனத்துக்கு ஐஎஸ்ஓ 1600 ஆகிறது என்றால், சுழற்சிக்கு 6400 ஆகும். கேமராவோடு வந்த கிட் லென்ஸில் எஃப் 5.6தான் கிடைக்கிறது என்றால் அதே சுழற்சிக்கு 25600!

அந்த எண்ணுக்குப் பயந்து 1600லேயே எடுத்துவிட்டு, வீட்டில் கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒளி குறைவாக விழுந்தது விழுந்ததுதான். கூட்டும்போது அதே புள்ளிகள் வெளியே வரும். பல கேமராக்களில் இன்னும் மோசமாகவே வரும். ஜேபெக்கில் எடுத்திருந்தால் இருண்ட பகுதியில் விவரமே மிஞ்சாது.

சரி, உச்சவரம்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ராத்திரி வீட்டில் ஒரே ஒரு பல்பைப் போட்டு ஒருவரை உட்காரவையுங்கள். கறுப்பு முடி, முகம், ஜரிகை மூன்றும் படத்தில் வரட்டும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து 1600, 3200, 6400, 12800 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். வெளிச்சம் மாறாமலிருக்க ஒவ்வொரு முறையும் ஷட்டர் வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். பிறகு மூன்று இடங்களைப் பாருங்கள். முடியின் கறுப்பு ஊதாவாக மாறுகிறதா? கன்னத்தின் நிறம் திட்டுத்திட்டாகிறதா? ஜரிகை இழை பிரிந்து தெரிகிறதா?

பார்க்கும் அளவு முக்கியம். 24 மெகாபிக்சல் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் எந்தப் படத்திலும் குறை தெரியும். அதையே 6க்கு 4 அங்குலத்தில், அங்குலத்துக்கு 300 அச்சுப்புள்ளி கணக்கில் அச்சிட்டால், சுமார் பதினொரு பிக்சல்கள் ஓர் அச்சுப்புள்ளிக்குள் அடங்கி ஏற்றத்தாழ்வு தணிந்துவிடும். செல்போனில் பகிரும் படத்துக்கும் இதே சலுகை உண்டு. சுவரளவு அச்சுக்குத்தான் கறாராக இருக்க வேண்டும்.

உங்கள் கண் ஒப்புக்கொண்ட கடைசி எண்ணை ஆட்டோ ஐஎஸ்ஓவின் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் அதையும் தாண்டினால்தான் ஆட்டம் சிக்கும் என்றால், கையால் மாற்றித் தாண்டுங்கள். புள்ளியைக் குறைக்க நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. அசைவில் கலங்கிப்போன முகத்தை அப்படியே மீட்க வழியில்லை.